பழுத்தது எந்த இலை? அவரைக் கொடி வளர்க்கத் தொடங்கியவர்களுக்கு

மாடியில் அவரை போட்டவர்கள் என்னிடம் கொண்டுவருவது பெரும்பாலும் ஒற்றை இலையைத்தான். கிள்ளி, சட்டைப் பையில் திணித்து, பாதி வாடிய பிறகு எடுத்து நீட்டி, “இதற்கு என்ன அடிக்கலாம்?” என்பார்கள். “கொடியில் எந்த இடத்து இலை?” என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் சுருங்கும். அடியிலா, நுனியிலா, நடுவிலா? நினைவிருக்காது. ஆனால் பாதிக் குறையை அந்த ஒரு பதிலை வைத்தே சொல்லிவிடலாம். இலை என்ன நிறம் என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்வி.

கத்தரி, வெண்டையைவிடக் கொடி அவரையில் இதைப் பார்ப்பது எளிது. கொடி நீண்டுகொண்டே போகிறது. கணுவுக்கு ஓர் இலை. மண்ணை ஒட்டிய இலைக்கு இரண்டு மாத வயதிருக்கும். பந்தலுக்கு மேலே காற்றில் ஆடும் நுனியிலை முந்தாநாள் விரிந்தது. அடியிலிருந்து விரல் வைத்துக்கொண்டே மேலே போனால், கொடிக்கு எந்த வாரம் என்ன நேர்ந்தது என்பது வரிசையாகத் தெரியும். கொடி பீன்ஸ், காராமணி, சிறகவரை எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். நான் அவரையை வைத்தே சொல்கிறேன், அதைத்தான் அதிகம் வளர்த்துக் கெடுத்திருக்கிறேன்.

முதலில், நோயே இல்லாத சிலவற்றை ஒதுக்கிவிடுவோம். விதை முளைத்ததும் மேலே வரும் இரண்டு தடித்த பருப்புகள் சில நாட்களில் சுருங்கி உதிரும். அதிலிருந்த உணவைக் குருத்து உறிஞ்சிக்கொண்டது, அவ்வளவுதான். அடுத்து வரும் இரண்டு இலைகள் ஒற்றை இலைகளாக, எதிரெதிரே இருக்கும். அதற்குப் பிறகுதான் மூன்று மூன்றாகச் சேர்ந்த வழக்கமான அவரை இலை வரும். “வேறு செடி முளைத்துவிட்டது” என்று பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு. பந்தல் நிறைந்த பிறகு நிழலில் மாட்டிக்கொண்ட அடியிலைகள் நாலைந்து பழுத்து விழுவதும் இயல்பு.

இன்னொன்று, உச்சி வெயில். பகல் பன்னிரண்டு மணிக்கு மாடி ஏறிப் பார்த்தால் இலைகள் தொங்குவது போல, விளிம்பை வெயிலுக்குக் காட்டி நிற்கும். உடனே ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பயறு வகைச் செடிகளில் இலைத்தகடும் காம்பும் சேரும் இடத்தில் சிறு புடைப்பு ஒன்று இருக்கிறது. அதில் நீர் ஏறி இறங்குவதால் இலை தன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வெயில் தாழ்ந்ததும் பழையபடி விரியும். கொடி உண்மையில் வாடியிருக்கிறதா என்று காலை ஆறு, ஆறரை மணிக்குப் பாருங்கள். அந்த நேரத்திலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

அடியிலை வெளுத்தால்

கொடிக்கு வேண்டிய சத்துகளில் சில வீட்டுச் சாமான் மாதிரி. கீழ் வீட்டில் இருப்பதைத் தூக்கி மாடிக்குக் கொண்டு போகலாம். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் இந்த வகை. மண்ணில் பற்றாக்குறை வந்தால் கொடி பழைய இலையிலிருந்து உருவி எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும். ஆகவே குறை முதலில் தெரிவது அடியில். வேறு சில சத்துகள் சுவரில் வைத்துப் பூசிய செங்கல் மாதிரி. ஓர் இலையில் சேர்ந்துவிட்டால் அதைப் பெயர்த்து எடுக்க முடியாது. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) அப்படி. அவை குறைந்தால் பழைய இலை பச்சையாகவே இருக்கும், புதிதாக வரும் இலைதான் திண்டாடும்.

அடியிலை நரம்பு, தகடு என்ற வேறுபாடு இல்லாமல் முழுதாக வெளிர்ந்து மஞ்சளாகிறது, கொடியும் மெலிந்து நிற்கிறது என்றால் தழைச்சத்துக் குறை. “அவரை தானே தழைச்சத்தைத் தயாரித்துக்கொள்ளுமே?” என்று கேட்பீர்கள். தயாரிக்கும், ஆனால் தனியாக அல்ல. ரைசோபியம் என்ற பாக்டீரியா வேருக்குள் புகுந்து முடிச்சு கட்டினால்தான் காற்றில் இருக்கும் நைட்ரஜன் செடிக்குக் கிடைக்கும். காலம் காலமாகப் பயறு விளைந்த தோட்டத்து மண்ணில் அது இருக்கும். கடையில் வாங்கிய தேங்காய் நார்க்கழிவை நிரப்பிய பையில் அநேகமாக இருக்காது. மாடித்தோட்டத்து அவரை முதல் வருடம் சோனியாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பார்த்துவிடலாம். முளைத்து ஒரு மாதம் ஆன செடிகளில் நெருக்கமாக நிற்கும் ஒன்றைக் கலைத்து எடுங்கள். பிடுங்காமல், மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் அலசுங்கள். வேரில் கடுகு, மிளகு அளவில் உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக, இறைச்சி நிறத்தில் இருக்க வேண்டும். நம் இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான பொருளுக்கு நெருங்கிய உறவான ஒன்று அந்த நிறத்தைத் தருகிறது. சிவப்பு இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை. முடிச்சே இல்லையென்றால் அடுத்த முறை விதைக்கும்போது வேளாண்மை விரிவாக்க மையத்தில் ரைசோபியம் பொட்டலம் வாங்கி, ஆறிய வடிகஞ்சியில் குழைத்து, விதையில் புரட்டி நிழலில் உலர்த்தி அன்றைக்கே ஊன்றுங்கள். இந்த முறைக்குத் தொழுவுரமோ மண்புழு உரமோ வைத்துச் சமாளிக்கலாம். யூரியாவைத் தூக்காதீர்கள். தழைச்சத்து வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால் கொடி முடிச்சு கட்டும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். இலை கொழுக்கும், பூ தள்ளிப்போகும்.

பூ என்றதும் ஒரு கிளைக்கதை. ஆடியில் ஊன்றிய நாட்டுப் பந்தல் அவரை ஐப்பசியில் பூக்கவில்லையே என்று உரம் மேல் உரமாகக் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள். பழைய கொடி வகைகள் பலவற்றுக்குப் பகல் குறுகினால்தான் பூக்கத் தோன்றும். மார்கழியும் தையும் வரும்வரை அது இலை விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

அடியிலையில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியத்தைச் சந்தேகிக்கலாம். எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளித்தால் போதும். விளிம்பு மட்டும் தீய்ந்தது போலக் காய்ந்தால் இரண்டு வழி. சாம்பல்சத்து குறைந்திருக்கலாம், அல்லது உப்பு கூடியிருக்கலாம். நம் ஊர்களில் உப்புக்கே அதிக வாய்ப்பு. பையின் வெளிப்புறத்திலோ மண்ணின் மேலோ வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் ஐயமே வேண்டாம். அவரை இனம் உப்பை அதிகம் தாங்காது. மழைநீர் கிடைத்தால் பையின் அடியில் வழிந்தோடும்வரை இரண்டு முறை ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

இலை முழுதும் மஞ்சளாகி, தொட்டால் உதிர்ந்து, மண்ணும் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் காரணம் தண்ணீர். தினமும் இருவேளை ஊற்றும் அன்பு. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

நுனியிலை வெளுத்தால்

இங்கேதான் நான் ஒரு வருடத்து அறுவடையைத் தோற்றேன். கொடி பந்தலைத் தொடும் நேரம். அடியிலைகள் கரும்பச்சை, நுனியில் விரிகிற ஒவ்வோர் இலையும் எலுமிச்சை மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை வலை போலத் தெரிந்தது. விதை வாங்கிய கடைக்காரர் படத்தைப் பார்த்ததும், “சத்துக் குறைச்சல் சார், கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றுங்கள்” என்றார். வாரம் ஒரு முறை ஊற்றினேன். அடியிலை இன்னும் கறுத்தது, நுனி வெள்ளைக் காகிதம் போல ஆனது. பிறகு பயந்துபோய்த் தண்ணீரைக் கூட்டினேன். அதற்குப் பிறகு வந்த இலைகள் விரிவதற்குள் விளிம்பு கருகின.

அடியிலை பச்சையாக இருந்தபோதே தழைச்சத்து குறையவில்லை என்பது எழுதி ஒட்டியது போல இருந்திருக்கிறது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. குறைந்தது இரும்பு. அதுவும் மண்ணில் இரும்பு இல்லாமல் அல்ல. எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகக் கல் கட்டியிருக்கும். அந்தத் தண்ணீர் மாதக்கணக்கில் ஊறியதில் மண் காரமாகிவிட்டது. கார மண்ணில் இரும்பு கரையாது. கரையாததை வேர் எடுக்காது. நான் தண்ணீரைக் கூட்டியது வேரின் மூச்சையும் அடைத்து, இருந்த கொஞ்சத்தையும் கெடுத்தது. உங்கள் மண்ணில் சுண்ணாம்பு மிகுந்திருக்கிறதா என்று பார்க்க, காய்ந்த மண்ணை ஒரு கரண்டி எடுத்து அதன் மேல் வினிகரை விடுங்கள். சோடா போலப் பொங்கினால் ஆம்.

மருந்து மலிவு: அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடைகளிலும் இரும்பு சல்பேட் என்று உரக்கடைகளிலும் கிடைக்கும் பச்சை உப்பு. லிட்டருக்கு 5 கிராம், கூடவே அரை மூடி எலுமிச்சைச் சாறு. கரைத்ததும் அன்று மாலையே தெளித்துவிட வேண்டும், வைத்திருந்தால் துருவாகிவிடும். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மஞ்சள் இலையை உற்றுப் பாருங்கள். துளி பட்ட இடமெல்லாம் பச்சைப் புள்ளியாக, கோலப்புள்ளி வைத்தது போல, தெரியும். அது தெரிந்தால் குறை இரும்புதான் என்பது உறுதி. (தரையில் ஓடு பதித்திருந்தால் சாக்கு விரித்துவிட்டுத் தெளியுங்கள். எங்கள் வீட்டு மாடியில் அந்தப் பழுப்புக் கறை இன்னும் இருக்கிறது.)

மேலும் இல்லை, கீழும் இல்லை: திட்டுத் திட்டாக மஞ்சள்

சத்துக் குறையில் ஓர் ஒழுங்கு இருக்கும். இலையின் இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் ஏறக்குறைய அப்படியே. அந்த ஒழுங்கு கலைந்து, பளிச்சென்ற மஞ்சள் திட்டும் பச்சைத் திட்டும் நரம்பைப் பொருட்படுத்தாமல் தாறுமாறாகக் கலந்து, இலையும் சிறுத்தால் அது மஞ்சள் தேமல். வைரஸ் நோய். வெள்ளை ஈ ஒரு கொடியில் சாறு குடித்து அடுத்த கொடிக்குப் பறக்கும்போது கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இதற்கு மருந்து இல்லை. மோர், மஞ்சள் தூள், பஞ்சகவ்யம் எதுவும் உள்ளே புகுந்த வைரஸைப் போக்காது. கொடியைப் பிடுங்கி மூட்டை கட்டி அப்புறப்படுத்துவதுதான் வழி. இதைச் சொல்லும்போது எல்லோரும் என்னைக் கொலைகாரனைப் போலப் பார்ப்பார்கள். எதிர்வீட்டு அக்கா ஒரு கொடியைப் பிடுங்க மனமில்லாமல், “பூ விட்டிருக்கிறது தம்பி, இருந்துவிட்டுப் போகட்டும்” என்று விட்டுவைத்தார். ஒரு மாதத்தில் பக்கத்தில் இருந்த மூன்று கொடிகளும் தேமலாயின. கிடைத்தது கைப்பிடிக் காய். மீதிக் கொடிகளைக் காக்க, மஞ்சள் தட்டில் விளக்கெண்ணெய் தடவி இலை மட்டத்தில் தொங்கவிடுங்கள். வெள்ளை ஈ மஞ்சளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். நோய்பட்ட கொடியிலிருந்து விதை எடுக்க வேண்டாம்.

இலையைத் திருப்புங்கள்

படம் எடுத்து அனுப்புபவர்கள் எல்லோரும் மேற்பக்கத்தைத்தான் எடுக்கிறார்கள். குற்றவாளி இருப்பது அடிப்பக்கத்தில்.

குருத்திலும் பூங்கொத்திலும் கறுப்பாக, எள் கொட்டியது போல அப்பியிருந்தால் அசுவினி. இலை சுருண்டு, கையில் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பின் மேல் கரும்பூசணம் படியும். எறும்பு வரிசை மேலே ஏறுவதைக் கண்டால் அசுவினியைத் தேடுங்கள். அது கழிக்கும் இனிப்புக்காகவே எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. முதல் வேலை, தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத் தள்ளுவது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்தால் பெரும்பகுதி போய்விடும். ஆனால் பீய்ச்சும் முன் அங்கே வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். கருஞ்சாம்பல் உடம்பில் மஞ்சள் திட்டுகளோடு, குட்டி முதலை போல ஒன்று அசுவினிக் கூட்டத்துக்குள் நடமாடும். பொறிவண்டின் புழு அது. பார்க்க விகாரமாக இருப்பதால் முதலில் நசுக்கப்படுவது அதுதான். பாவம், உங்களுக்காகத்தான் தின்றுகொண்டிருக்கிறது.

இலையின் மேற்பக்கம் ஊசியால் குத்தியது போல நுண்ணிய வெளிர்ப் புள்ளிகள், தள்ளி நின்று பார்த்தால் வெண்கல நிறம் என்றால் செஞ்சிலந்திப் பேன். கண்ணுக்கு லேசில் படாது. வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில நகர ஆரம்பித்தால் அதுதான். விரலால் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு விழும். முற்றிய நிலையில் மெல்லிய வலையும் கட்டும். மாசி, பங்குனியில் காற்று வறண்டதும் பெருகும். எட்டுக் கால்கள் கொண்டது. பூச்சி இனமே இல்லை என்பதால் பூச்சிக்கொல்லிகள் பலவற்றுக்கு அசையாது. மாறாக அந்த மருந்துகள் பேனைத் தின்னும் உயிர்களைக் கொன்று அதற்கு வழிவிடும். இலையின் அடிப்பக்கம் நனையும்படி தண்ணீர் அடிப்பதே பாதி வைத்தியம்.

அடிப்பக்கத்தில் செம்பழுப்புக் கொப்புளங்கள் தெரிந்து, தடவிய விரலில் துருப்பொடி ஒட்டினால் துரு நோய். கொடி பீன்ஸில் அதிகம். இலையை உடனே கிள்ளிக் கட்டி எறியுங்கள்.

மேற்பக்கத்தில் திருநீறு பூசியது போல வெண்பொடி என்றால் சாம்பல் நோய். மார்கழி, தையில் இரவு குளிர்ந்து பகல் காய்கிற நாட்களில் வரும். மற்ற பூசணங்களைப் போல இதற்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போவதும் உண்டு. நெருக்கமான கொடியைக் கலைத்துக் காற்று புக விடுங்கள். அடங்காவிட்டால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் கந்தகப் பொடி) லிட்டருக்கு 2 கிராம், வெயில் தணிந்த பிறகு. கந்தகம் தெளித்த இரண்டு வாரத்துக்குள் வேப்பெண்ணெய் தெளித்தால் இலை கருகும்.

இலையில் ஓட்டைகள் இருந்தால் பயப்பட ஏதுமில்லை. புழு, வெட்டுக்கிளி, நத்தை. இரவு எட்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் ஆள் அகப்படும். வெள்ளைக் கிறுக்கல் கோடு போட்டிருந்தால் அதன் நுனியில் சிறு புழு இருக்கிறது; அந்த இடத்தை நசுக்குங்கள். விளிம்பில் நகவெட்டியால் வெட்டியது போலக் கச்சிதமான அரைவட்டம் மட்டும் காணாமல் போயிருந்தால் வந்தது இலைவெட்டித் தேனீ. கூடு கட்ட எடுத்துப் போகிறது, விட்டுவிடுங்கள்.

இலை நாடா போலக் குறுகி, நரம்புகள் இணைகோடுகளாக நெருங்கி, கிண்ணம் போலக் குவிந்தால் களைக்கொல்லியை நினைத்துப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது அடித்தார்களா? அல்லது அதற்குப் பயன்படுத்திய தெளிப்பானையே இரவல் வாங்கி வந்தீர்களா?

இலை பச்சையாகவே வாடினால்

காலையிலும் தொங்குகிறது, மண்ணில் ஈரம் இருக்கிறது என்றால் இலையைப் பார்த்துப் பயனில்லை, குறை வேரில். தண்டின் அடிப்பகுதி கறுத்து, தோல் நார் நாராக உரிந்தால் வேரழுகல். அந்தக் கொடி பிழைக்காது. தண்டு நன்றாக இருந்தும் கொடி நாளுக்கு நாள் இளைத்தால் வேரைத் தோண்டிப் பாருங்கள், மண்ணில் இருந்து வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவாக இருக்கலாம். இங்கே ஒரு குழப்பம் வரும், ஏனென்றால் அதுவும் வேரில் முடிச்சுதான் போடும். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் மணி கோத்தது போல ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் கழன்று வரும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, இஞ்சிக் கிழங்கு போலக் கோணல்மாணலாக. பிய்த்தால் வேரும் அறுந்துவிடும். அந்தப் பையின் மண்ணில் அடுத்து அவரை, தக்காளி, வெண்டை போடாதீர்கள். சித்திரை வெயிலில் பாலித்தீன் தாள் போர்த்தி ஒரு மாதம் காய விட்டு, செண்டுமல்லி நடலாம்.

தெளிப்பதைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளிப்பதானால் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி, மாலையில். எண்ணெய் மேலே மிதக்கும்படி அரைகுறையாகக் கலக்கி நண்பகலில் அடித்துவிட்டு, மறுநாள் கருகிய இலையோடு புது நோய் என்று வந்தவர்கள் மூன்று பேர். முதலில் இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் நாலு வைத்தியம் செய்தால் எது கேட்டது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வைத்தியம் கேட்டதா என்று பார்க்க நான் செய்வது இது. தெளித்த அன்று நுனியில் கடைசியாக விரிந்த இலைக்கு மேலே, கணுவில், சிவப்பு நூல் ஒன்றைத் தளர்வாகக் கட்டிவிடுவேன். ஓட்டை விழுந்த இலை அடைபடாது, கருகிய விளிம்பு பச்சையாகாது. நூலுக்குக் கீழே இருப்பதைத் தினமும் போய்ப் பார்த்து மனம் நோக வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நூலுக்கு மேலே மூன்று நான்கு புது இலைகள் வந்திருக்கும். அவற்றை மட்டும் பார்த்து, திருப்பியும் பார்த்து, அடுத்த வேலையை முடிவு செய்கிறேன். இந்த வருடக் கொடியில் மூன்று நூல்கள் இருக்கின்றன. மூன்றாவது நூலுக்கு மேலே எல்லாம் பச்சை, முதல் பூங்கொத்து ஊதா நிறத்தில் எட்டிப் பார்க்கிறது. அதன் காம்பில் எறும்பு ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது.